மாப்பிள்ளையை நீக்கிய மடல்

அதிகாரம் கிடைத்தால் மனிதன் எப்படி மாறுவான் என்று பார்க்க அவனை மந்திரியாக்க வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு உரிமையாளராக்கினால் போதும். என்னை யாரும் ஆக்கவில்லை; நானே ஆகிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். (பாடம் என்றால், மவுஸை எப்படிப் பிடிப்பது என்பது முதல் வாரம். எப்படி விடுவது என்பது இரண்டாம் வாரம்.) எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடந்தார்கள். எல்லோரையும் சேர்த்து ‘நம் குடும்பம்’ என்று ஒரு குழு தொடங்கினேன். ஒருவர் எழுதினால் அத்தனை பேருக்கும் போகும். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது எல்லாம் என் கையில். பதினொரு பேர் சேர்ந்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது. விதிமுறைகள் எழுதினேன். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் அங்கே முருங்கைக்காய் கிடைக்காத துயரத்தை எழுத, குழுவின் நோக்கத்துக்குப் புறம்பானது என்று அதைத் தடுத்து நிறுத்தினேன்.

என் மாமாக்கள் இரண்டு பேரும் அந்தக் குழுவில் கேட்டுச் சேர்ந்துகொண்டதால் மனம்விட்டு எதுவும் எழுத முடியவில்லை. ஆகவே ‘இளசுகள் மட்டும்’ என்று இரண்டாவது குழு. அங்கே எனக்கு விதிமுறைகள் கிடையாது.

அந்தச் சமயத்தில் சாணார்பட்டியில் என் சித்தி மகள் ஜெயந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கார்த்திகேயன் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும் என்று மூன்று முறை அவரிடம் சொன்னேன். மூன்று முறையும் “அப்படிங்களா” என்று சிரித்தார். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். மறுநாள் இளசுகளுக்கு ஒரு நேர்முக வர்ணனை எழுதினேன். மாப்பிள்ளை ஐந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டார். ஆறாவதுக்குக் கை நீண்டபோது அவர் அம்மா முறைத்த முறைப்பில் பஜ்ஜியே தட்டில் பின்வாங்கியது. நெற்றி நல்ல விசாலம், ஐந்து வருடத்தில் பிடரியைத் தொட்டுவிடும். தங்கச்சி யோசித்துக்கொள்ளவும்.

தங்கச்சி யோசித்து, அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். நிச்சயமும் நடந்தது. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, மாப்பிள்ளையையும் குடும்பக் குழுவில் சேர்த்துவிடேன் என்று கேட்டாள். பெருமையோடு சேர்த்தேன். கூடவே ஒரு வரவேற்பு மடல்: “எங்கள் குடும்பத்தைப் புரிந்துகொள்ளப் பழைய மடல்களை ஒன்று விடாமல் படிக்கவும்.”

மறுநாள் மத்தியானம் சென்டருக்குப் போன் வந்தது. ஜெயந்திதான்.

“அண்ணே, அவரை எந்தக் குழுவுல சேர்த்த?”

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். இளசுகள் மட்டும். “ஒண்ணும் பயப்படாத, இப்பவே சரிபண்றேன்” என்று போனை வைத்துவிட்டு, அவர் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘நீக்கு’ என்பதை அழுத்தினேன். ஆபத்து நீங்கியது என்று ஒரு டீ குடித்தேன்.

உறுப்பினரை நீக்கினால் அவருக்கு ஒரு மடல் தானாகவே போகும் என்று, கம்ப்யூட்டர் தெரிந்த எனக்குத் தெரியாது. ‘நீங்கள் இந்தக் குழுவிலிருந்து உரிமையாளரால் நீக்கப்பட்டுவிட்டீர்கள்.’ வார விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த மாப்பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்க, பக்கத்திலிருந்த அவர் அப்பாவுக்கு விஷயம் வேறு மாதிரி விளங்கிவிட்டது. அவர் உடனே சாணார்பட்டிக்குப் போன் போட்டு, பையனை நீக்கிட்டீங்களாமே, ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாமே என்று என் சித்தப்பாவிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

மல்லிகைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, இது என் வேலை என்று ஜெயந்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே கைலியோடு பஸ் ஏறி சென்டருக்கு வந்துவிட்டார். மாணவர்கள் முன்னால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏலே, மாப்பிள்ளைய நீக்க நீ யாருடா?”

உரிமையாளர் என்று சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவருக்கு மின்னஞ்சல் விளங்கவில்லை, பஜ்ஜி விளங்கிவிட்டது. என்னை ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, இறங்கி ஓடாதபடி வழியடைத்து உட்கார்ந்தார். ஜெயந்தி கல்யாணம் நின்றுபோனால் சித்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்க நினைக்க எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றபடி மன்னிப்புக் கேட்டேன். வாக்கியம் பாதியில் தடுமாறியது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து உள்ளே போனார். போச்சு என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு தட்டு. நிறைய வாழைக்காய் பஜ்ஜி.

“சாப்பிடுங்க தம்பி. நானும் எண்ணிப் பார்க்கிறேனுங்க.”

முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தார். அப்புறம் அவர் அப்பா. சித்தப்பா கடைசியாக, யோசித்துச் சிரித்தார். நான் எழுதியதை மாப்பிள்ளை முதல் நாளே வீட்டில் படித்துக்காட்டி எல்லோரும் ரசித்திருக்கிறார்கள். நீக்கியதுதான் அவர்களைச் சுட்டிருக்கிறது. மச்சான், திரும்பச் சேர்த்துவிட்டுடுங்க, இந்தத் தடவையும் இளசுகள்லயே சேருங்க என்று மட்டும் கேட்டார். நான் ஒன்பது பஜ்ஜி சாப்பிட்டேன். பயத்தில் எண்ணிக்கை தெரியவில்லை; அந்த அம்மாவுக்குத் தெரிந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்த வாரமே இரண்டு குழுக்களின் பொறுப்பையும் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தேன். (ஒப்படைத்தேன் என்பது மரியாதைக்கு. கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.)

இரண்டு வருடம் கழித்து வத்தலக்குண்டில் நான் பெண் பார்க்கப் போனபோது அவரும் கூட வந்தார். வீடு திரும்பியதும் பெண்ணின் அண்ணனுக்கு ஒரு மடல் அனுப்பியிருக்கிறார்: “எங்க மச்சான் நல்லவருங்க. தைரியமாப் பொண்ணு குடுங்க. கம்ப்யூட்டரை மட்டும் குடுத்துடாதீங்க.”

அந்தப் பெண்தான் என் மனைவி. அதை அச்செடுத்து லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். நான் புதுப் போன் வாங்கும் ஒவ்வொரு தடவையும் அலமாரியிலிருந்து அது வெளியே வரும். பிள்ளைகள் முறைவைத்து உரக்கப் படிப்பார்கள்.