சாம்பார் பொடியில் ஆடு

போன மாதம் என் பேத்தி கணினி முன்னால் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தாள். தான் வரைந்த விளம்பரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினாளாம். குழு குழுவாகச் சேர்த்து வைத்திருந்த அடுக்குகளெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் கலைந்து கிடந்தனவாம்.

"கொஞ்சமாவது மூள உள்ளவன் இப்படிச் செய்வானா தாத்தா?"

வீட்டிலிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நியாயம்தான். கணினி இல்லாத காலத்திலேயே, வெறும் காய்கறிக் கத்தியால் அதே காரியத்தைச் செய்து முடித்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போ நகரில் அரசாங்க எழுத்தர் வேலை எனக்கு. எதற்கெடுத்தாலும் கோபப்படுவதும் என் கல்வித் தகுதிகளில் ஒன்று என்று நம்பிய வயது. என் புஷ்பம் அக்கா பக்கத்து ஊரான பத்து காஜாவில் இருந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை எண்ணெய் மரம் நட்டதும் வேலை போய், மசாலாப் பொடி இடித்து விற்கத் தொடங்கினாள். ஈப்போ மளிகைக்கடை முதலாளி ஒருவர் அவளுடைய சாம்பார் பொடியை நக்கிப் பார்த்துவிட்டு, "புரட்டாசிக்கு அலமாரியில எடம் தாரேன். ஆனா அச்சடிச்ச பொட்டலமா கொண்டாம்மா" என்றார். அவர் சுத்த சைவம். அக்காவுக்கு அந்த அலமாரி ஒன்றுதான் அப்போது வாழ்வதற்கான வழி.

பொட்டலத்தின் படத்தை வரைந்தவர் ஈப்போ ஓவியர் மாணிக்கம் அண்ணன். அந்த நாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கண்ணாடித் தாள். அக்காவின் பெயரும் பூ வேலையும் அடியில் ஒரு அட்டையில் இருந்தன. அது சாம்பார் பொடிக்கும் ஆட்டுக்கறி மசாலாவுக்கும் பொது. சாம்பார் தாள்கள் அட்டையின் இடது ஓரத்தில் டேப்பால் ஒட்டப்பட்டிருந்தன, கறி மசாலாத் தாள்கள் வலது ஓரத்தில். எந்தப் பொடிக்கு வேண்டுமோ அந்தப் பக்கத்துத் தாள்களை மட்டும் அட்டையின் மேல் மடக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஈப்போ அச்சகத்தில் இயந்திரம் பழுதாகிவிட்டதால் தெலுக் இந்தான் ஊர் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று; அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

"டேப்ப மட்டும் தொட்டுறாதீங்க தம்பி. அது கதவு கீல் மாதிரி" என்றார் மாணிக்கம் அண்ணன். (எனக்கே சொல்கிறார், பாருங்கள். ஆயிரம் கோப்புகளைக் கட்டி அடுக்கிய எனக்கு.)

அக்கா வீட்டில் பிரித்துப் பார்த்தேன். பழுப்பு டேப், பென்சில் கிறுக்கல், விரல் ரேகை. படித்தவன் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பும் பொருளா இது? கத்தியை எடுத்து டேப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினேன்.

"ஏண்டா பிய்க்கிற? அவரு ஒட்டித்தானே குடுத்தாரு?" என்றாள் அக்கா.

"ஒனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

தாள்களை மூலைக்கு மூலை நேராக்கிப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, என் அழகான கையெழுத்தில் விலாசம் எழுதி, பஸ்ஸில் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி. அச்சகத்து ஃபோர்மேன் ஆ லோக். தோட்டத்தில் வளர்ந்த சீனர், தமிழ் என்னைவிடச் சரளம்.

"சார், தாளெல்லாம் பிரிஞ்சு கெடக்கு லா. எது எதோட சேரும்? ஆடு ஒண்ணு இருக்கு, அது எங்க போவுது?"

மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாளுல குறி போட்டிருக்குல்ல? குறி மேல குறி வச்சு எல்லாப் படத்தையும் போடுங்க. இதுகூட நான் சொல்லித் தரணுமா?" என்று வைத்துவிட்டேன்.

அவர் அப்படியே செய்தார். மேலே 'சாம்பார் பொடி' என்ற எழுத்து. நடுவில் ஆவி பறக்கும் சட்டி. சட்டிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆடு எட்டிப் பார்த்தது. முருங்கைக்காய் சரியாக அதன் வாய்க்குக் குறுக்கே விழுந்திருந்ததால், ஆடு நிதானமாக அதை மென்றுகொண்டிருப்பது போலவே இருந்தது.

கடை முதலாளி ஒரு பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "புரட்டாசி மாசத்துலம்மா" என்று மட்டும் சொன்னார். மறுவாரம் அந்த அலமாரியில் வேறு யாருடைய பொடியோ இருந்தது.

நான் கொதித்தேன். அச்சகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். 'பொறுப்பின்மை', 'தொழில் தெரியாமை', 'ஓர் ஏழைப் பெண்ணின் கண்ணீர்' எல்லாம் அதில் இருந்தன. மாணிக்கம் அண்ணனிடம் டேப்பைப் பிய்த்ததே அச்சகத்துக்காரர்கள்தான் என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். எத்தனை வருடம் ஆனாலும் அதை நினைத்தால் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆ லோக் ஒரு பிஸ்கட் டின்னோடு பத்து காஜாவுக்கே வந்துவிட்டார். மாணிக்கம் அண்ணனும் அங்கே இருந்தார்.

"வரும்போதே டேப் இல்ல லா, அக்கா" என்றார் ஆ லோக்.

"பின்ன எங்க போச்சாம்? நடந்தா போச்சு?" என்றேன் நான், பிய்த்ததைப் பார்த்த அக்கா பக்கத்தில் இருந்தும் குரலை உயர்த்தி.

அவர் பையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். நான் சுற்றி அனுப்பிய அதே காகிதம். அன்று வீட்டில் வேறு டேப் இல்லாததால், பிய்த்த டேப்பையே போட்டு அதை ஒட்டியிருந்தேன். அக்கா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். டேப்பின் மேல் விரலை வைத்து மெதுவாக எழுத்துக் கூட்டினாள்.

"சாம்பார் மட்டும்." அடுத்த டேப். "கறி மட்டும்."

மாணிக்கம் அண்ணனின் பென்சில் எழுத்து. பக்கத்திலேயே என் அழகான கையெழுத்தில் விலாசம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அக்கா உள்ளே போய்த் தேநீர் கலக்கினாள். நான் தொலைபேசியில் சொன்னதைப் பற்றி ஆ லோக் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அலமாரி அக்காவுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. பத்து காஜா சந்தையில் நின்று விற்றே பிள்ளைகளை ஆளாக்கினாள். அடுத்த பொட்டலத்துக்கு மாணிக்கம் அண்ணனிடம் அவள் சொன்னது: "ஒத்தத் தாளு, ஒத்த நெறம். எந்தம்பி தொட்டாலும் ஒண்ணும் ஆவக் கூடாது." அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டாசிக்கும் எனக்கு ஒரு பொட்டலம் வரும். அதன் வாயில் டேப், டேப்பின் மேல் 'சாம்பார் மட்டும்'. பந்தியில் எனக்குச் சாம்பார் ஊற்றுகிறவர்கள், "பாத்து மாமா, ஆடு இருக்கப் போவுது" என்பார்கள்.

பேத்தி பொருமிய அன்று, முதல் தடவையாக அந்தத் தொலைபேசி விஷயத்தை வீட்டில் சொன்னேன். அவள் உடனே கைபேசியில் அக்காவை அழைத்து, அதை என் காதில் வைத்துவிட்டாள். அக்காவிடமும் சொன்னேன்.

"தெரியும்டா" என்றாள் அக்கா. "அன்னிக்கு வாசல்ல செருப்பு மாட்டும்போதே ஆ லோக்கு சொல்லிட்டாரு. நீயா எப்ப சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சரி விடு, இந்தத் தடவ டேப்பு ஒட்டாம அனுப்புறேன்."

சொன்னபடி அனுப்பினாள். டேப் இல்லை. அவள் இத்தனை வருடம் எங்கேயோ பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பொட்டலம். ஆடு இன்னும் முருங்கைக்காயை மென்றுகொண்டிருந்தது.