சரிவில் நிற்கும் காரும் தாய்மாமன் மடியும்

ஜூஜுவாடி,
திங்கட்கிழமை.

அன்புள்ள அண்ணன் தினேஷ்குமாருக்கு,

தங்கை அனுப்ரியா எழுதுவது. இங்கே நானும் அவரும் அத்தையும் பாப்பாவும் நலம். அங்கே நீயும் அண்ணியும் உன் மாங்காய் மண்டியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது நீ கொடுத்த கார்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு எத்தனை மணிக்கு சாமல்பட்டி வந்து சேருவீர்கள் என்று நீ கேட்டுப் பத்து நாள் ஆகிறது. இவ்வளவு தாமதமாக, அதுவும் கடிதத்தில் பதில் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் அது அத்தையின் காதுக்கு எட்டுகிற மூலைதான். உனக்கோ சீசன் நேரம். “அண்ணா, ஆயில்…” என்று நான் ஆரம்பிப்பதற்குள் “லோடு ஏறுது அனு, அப்புறம்” என்று வைத்துவிடுகிறாய். ஆயில் அளவு பார்க்கிற குச்சியைப் படம் பிடித்து வாட்ஸப்பில் நான்கு முறை அனுப்பினேன். நான்கு முறையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். நான் கேட்டது வாழ்த்து இல்லை அண்ணா, வைத்தியம்.

பாப்பா பிறந்தபோது தாய்மாமன் சீராக உன் காரையே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினாய், தெருவே எட்டிப் பார்த்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போது நீ சொன்னது இவ்வளவுதான்: “வாரம் ஒருக்கா ஆயில் குச்சிய உருவிப் பாரு அனு, ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா போதும்.” எங்கே நிறுத்தி உருவ வேண்டும், எப்போது உருவ வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? பத்து மாதமாக நான் உருவவேயில்லை என்பது வேறு விஷயம், கைக்குழந்தைக்காரிக்குத் தன் தலையை வாரவே நேரமில்லை. போன செவ்வாய்க்கிழமை பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்து இறங்கியதும்தான், ஞாயிறன்று கிருஷ்ணகிரி தாண்டி அவ்வளவு தூரம் போக வேண்டுமே என்று பயம் வந்து, சூட்டோடு சூடாக பானட்டைத் தூக்கிக் குச்சியை உருவினேன். பியூரெட்டில் கீழ் வளைவைக் கண்மட்டத்தில் வைத்து அளவு பார்த்து எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள், ஒரு குச்சியைப் பார்க்கத் தெரியாதா என்ற தைரியம். பார்த்தால் கைப்பிடி வரைக்கும் ஆயில்! பொங்கி வழியப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, குச்சியைச் சுத்தமாகத் துடைத்துச் செருகிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் உருவினால் கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் ஒரு சொட்டு. ராத்திரி முழுக்க கார் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை அண்ணா! அவ்வளவு ஆயிலும் எங்கே போச்சு?

ஒழுகுகிறதோ என்று பாப்பாவுக்குக் கீழே விரிக்கிற ரப்பர் ஷீட்டை இன்ஜினுக்குக் கீழே விரித்து வைத்தேன். பாப்பாவாவது அரைமணிக்கு ஒரு தடவை நனைத்துவிடுவாள், கார் ஒரு நாள் முழுக்க நனைக்கவில்லை. அப்படியானால் குடித்துத்தானே இருக்க வேண்டும்? இதை நான் மனசுக்குள் நினைத்தேன், அத்தை வாய்விட்டே சொல்லிவிட்டார். “உங்கண்ணன் சீரு குடுத்தான்னு பாத்தா ஒரு குடிகாரனக் கொண்டாந்து வாசல்ல கட்டிட்டுப் போயிக்கிறான்.” சரி, அரை லிட்டராவது ஊற்றி வைக்கலாம் என்று ஒரு டப்பா வாங்கிவந்து மூடியைத் திறக்கப் போனேன். அத்தை டப்பாவைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார். “குடிக்கிறவனுக்கு ஊத்திக் குடுத்தா திருந்துவானா?”

உன் மாப்பிள்ளையைத்தான் உனக்குத் தெரியுமே. கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன், பத்து வருஷமாக வால்வு அளக்கிற வேலை. “ஒரே ஒரு ரீடிங்க வெச்சு ரிஜெக்ட் பண்ணக் கூடாது அனு, மூணு ஷிஃப்டும் எடுக்கணும், சராசரி போடணும்” என்று சொல்லி, கட்டம் போட்ட தாளை ஃப்ரிட்ஜில் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினார். காலை ஷிஃப்ட் நான், வண்டி குளிர்ந்து கிடக்கும்போது. மதிய ஷிஃப்ட் அத்தை, கண்ணாடி போடாமல், குழம்புக் கரண்டியைப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து “இருக்குது” அல்லது “இல்ல” என்பார், இரண்டில் ஒன்று. ராத்திரி ஷிஃப்ட் அவர், தெருவை நாலு சுற்று ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவந்து, அணைத்த கையோடு உருவுவார், துடைக்க மாட்டார், துடைத்தால் சாம்பிள் கெட்டுவிடுமாம். காலையில் காலி, ராத்திரி வெள்ளம். நாலு நாள் முடிந்து கூட்டி வகுத்தால் சராசரி இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் வந்து நின்றது. அதிலே ஒரு ரீடிங்கூட நடுவில் இல்லை! அவர் பச்சைப் பேனாவில் ஓகே போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அத்தை அந்தத் தாளைப் பார்த்துக் கேட்டார், “ஒரு நாளு உப்ப அள்ளிப் போட்டு, ஒரு நாளு போடாமயே வெச்சா, சராசரிக்கு உப்பு சரியா இருக்குதுன்னு திம்பானாடி எம்மவன்?”

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். “சீரு காரே இப்பிடின்னா அவன் மடி மட்டும் எப்பிடி இருக்கும்? சூளகிரிகிட்ட நடுரோட்டுல கொழந்தையோட நிக்கச் சொல்றியா? காதுகுத்த இங்கியே வெச்சிக்கலாம். எந்தம்பி மவன் அன்புமணி இல்ல? அவனும் பாப்பாவுக்கு மாமன் மொறதான். அவன் மடியில வெச்சுக் குத்துனா தோடு நிக்காதா?” அண்ணா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அன்புமணி மடியில் உட்கார வைக்கிறதா? ஆனால் வாக்குவாதம் பண்ண என் கையில் என்ன இருக்கிறது, ஒரு குச்சியைத் தவிர? தள்ளி வைக்கவும் வழியில்லை, இதுதான் ஆனியில் கடைசி முகூர்த்தம், ஆடி பிறந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. ஆகையால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். ஞாயிறு நாங்கள் வரவில்லை. நீ சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, ஆயில் குடிக்கிற உன் காரை ஓட்டிக்கொண்டு போய்விடு. குடிக்கும் என்று தெரிந்தேதான் கொடுத்தாயா என்பதை மட்டும் என் தலையில் அடித்துச் சொல்.

அண்ணிக்கு என் அன்பு. மண்டியில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். கோபத்திலும் உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற,

உன் தங்கை,
அனுப்ரியா.

பி.கு.: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது எதிர்வீட்டு சுமலதா பார்த்துவிட்டாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள், பாதி கன்னடம் பாதி தமிழ். “ஏனு அனு, தெனம் மூணு வேள குச்சிய தூக்கித் தூக்கிப் பாக்கறே?” என்றாள். கதையைச் சொன்னேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். “அய்யோ, நோடு, உன் காரப் பாரு! மூஞ்சி ஆகாசத்தப் பாத்துட்டு நிக்குது!”

அப்போதுதான் பார்த்தேன் அண்ணா. மழைத் தண்ணீர் வராமலிருக்க வாசலில் ஏற்றிக் கட்டிய சிமெண்ட் சரிவு. முன்சக்கரம் மேலே, பின்சக்கரம் கீழே. ஆயிலெல்லாம் பின்பக்கம் ஒதுங்கி, குச்சி நுனிக்கு எட்டாமல் இருந்திருக்கிறது. பத்து மாதமாக அங்கேதான் நிறுத்துகிறேன். “கொழந்தைக்குப் பால் அளக்கறப்போ பாட்டில சாச்சுப் புடிச்சுக்கிட்டா கோடு பாக்கறே?” என்றாள். பாட்டிலை மேடைமேல் வைத்து, குனிந்து கண்மட்டத்தில் பார்த்து, தொண்ணூறு மில்லி என்றால் தொண்ணூறே மில்லி ஊற்றுகிறவள் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் தெருவில் சமதரையே கிடையாது. அதனால் சுமலதா எங்களை எங்கள் காரிலேயே ஏற்றி, ஹைவேயில் இருக்கிற லாரி எடைமேடைக்கு ஓட்டிப் போனாள். ஜூஜுவாடியில் அதைவிடச் சமமான தரை இல்லையாம். “என்னா லோடும்மா?” என்றான் எடை போடுகிறவன். “லோடு இல்லண்ணா, ஆயில் பாக்கணும்” என்றேன். “பாத்துக்கங்க. ஆனா பின்னாடி உக்காந்திருக்கிறத எறக்குங்க, மிஷின்ல ஏறுது” என்றான். பின்னால் உட்கார்ந்திருந்தது அத்தை, மடியில் பாப்பா. “என்னையவாடா லோடுங்கற?” என்று இறங்கிப் போய் அவனிடம் ஆரம்பித்த சண்டை பத்து நிமிஷம் நடந்தது. அதுவும் நல்லதாயிற்று, அணைத்த வண்டியில் மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டுமாம். பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன. சுமலதா குச்சியை உருவினாள், ஓடும்போது கைப்பிடி வரைக்கும் தெறித்து ஒட்டிய ஆயிலை (எங்கள் ராத்திரி வெள்ளம் அதுதானாம்) துடைத்தாள், முழுசாகச் செருகினாள், மறுபடி உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே! கார் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை அண்ணா. பத்து மாதமும் பத்தியமாகத்தான் இருந்திருக்கிறது.

அத்தை சண்டையை நிறுத்திவிட்டு வந்து குச்சியைப் பார்த்தார், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. “அன்னிக்கே ஊத்த வேணாம்னு டப்பாவப் புடுங்கி வெச்சது ஆரு? ஊத்தியிருந்தா மேல ஏறி இன்ஜினே கெட்டிருக்கும். உன் கார காப்பாத்துனது நானுன்னு உங்கண்ணனுக்கு எழுதுடி” என்றார். எழுதிவிட்டேன். உன் மாப்பிள்ளை மட்டும், சராசரியும் ஓகே என்றுதானே வந்தது என்று தாளைக் கிழிக்க மறுக்கிறார். முதலிலிருந்து வேறு கடிதம் எழுத பாப்பா விடமாட்டாள், அதனால் கவரைப் பிரித்து இதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு வந்துவிடுவோம். நீ பலகை போட்டு, சம்மணமிட்டு, இரண்டு முட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்கார்ந்திரு. மடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதில் எதையும் வைத்துப் பார்க்கக் கூடாது என்று அத்தை இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்.