அக்காவுக்காக உயர்த்திய வண்டி

வண்டியின் ஸ்பிரிங் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே நம்பிய மூன்று மாதங்கள் என் வாழ்க்கையில் உண்டு. அந்த நாட்களில் என்னோடு டீ குடித்த ஆபீஸ் நண்பர்கள் இன்றும் என்னைக் கண்டால் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறார்கள்.

காரணம் என் அக்கா கலைச்செல்வி. கல்யாணமாகி சிக்கமகளூரு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டுக்குப் போனவள். மாமாவுக்கு அங்கே மேனேஜர் வேலை. நான் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு தொம்மலூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தார் ரோட்டுக் கைகாட்டியிலிருந்து எஸ்டேட் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் தூரம், கல்லும் பள்ளமுமான பாதை. ஜூன் பிறந்தால் சாதாரண கார் எதுவும் அதில் ஏறாது. "மழை முடியட்டும்டி, அப்புறம் வா" என்பாள் அக்கா. அங்கே மழை லேசில் முடியாது. போனில் பேசலாம் என்றால், சிக்னலுக்காக அவள் தண்ணீர்த்தொட்டிப் படியில் ஏறி நிற்க வேண்டும். மழை வலுத்தால் இறங்கிவிடுவாள்.

ஒரு ஜூலையில் சொன்னாள்: "இந்த வாரம் நான் வாயத் தொறந்து பேசுன ஆளு நீதான்டி. மாமாவ கணக்குல சேக்காத. அவரு காபிச் செடியப் பத்திதான் பேசுவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதோடு லைன் கட்டாகிவிட்டது. அன்றைக்கே நான் பழைய எஸ்யூவி ஒன்று தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது பதினான்கு வருஷப் பழசு. (விற்றவர் என்னை விடச் சந்தோஷமாக இருந்தார். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.) அடிப்பாகம் தரைக்கு ரொம்பப் பக்கம் இருந்ததால், அதை உயர்த்த சிவாஜிநகரில் சலீம் பாய் என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

"எதுக்கு மேடம் ஏத்தணும்?"

"அக்காவப் பாக்கணும் பாய்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அக்கா அவ்ளோ ஒசரமா?"

விளக்கிச் சொன்னேன். "அப்டீன்னா ரெண்டு இன்ச் போதும். ஆனா ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டும் ஜோடியா மாத்துங்க. ஒண்ண ஏத்தி ஒண்ண விட்டா புருஷன் பொண்டாட்டி சண்ட மாதிரி, நடுவுல நீங்கதான் அடி வாங்குவீங்க."

என் கையிருப்பு ஜோடிக்குக் காணாது. ஆனால் நான்தான் நாற்பது வீடியோ பார்த்தவளாயிற்றே! முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேல் இரும்பு வளையம் வைக்கச் சொன்னேன். பின்பக்கத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நானே ஸ்பிரிங் பட்டை பொறுக்கினேன். சரக்கு வண்டியில் கழற்றியது, அழுத்தினாலும் வளையாத பட்டை. கெட்டி என்றால் நல்லது என்பது என் சித்தாந்தம். ரெண்டு இன்ச் எதற்கு, நாலு இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

"ஷாக்கு?"

"பழசே இருக்கட்டும் பாய். அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம்."

"ஆயித்து மேடம்" என்றார், சரி என்று, கையைக் கழுவிய டாக்டர் குரலில்.

வண்டி கம்பீரமாக நின்றது. நான் குதித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. ஹெட்லைட் போட்டால் மரத்துக் காக்கைகள் விழித்துக்கொண்டன. அடுத்த சனிக்கிழமை காலை கிளம்பினேன். மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பையும் என் முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வந்தது. ஆனாலும் எஸ்டேட் பாதையில் ஒரு கல்கூட அடியில் உரசவில்லை. ஏறிவிட்டேன்!

வாசலில் குடையோடு நின்ற அக்கா, குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நெஜமாவே வந்துட்டியாடி!" என்று என் கன்னத்தைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

பத்து நாள் பெங்களூருக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. மறுநாள் காலை அக்காவைப் பின்னாலிருந்து தள்ளி சீட்டில் ஏற்றினேன். முதல் கல்லில் வண்டியின் பின்பக்கம் உதைத்தது. அக்காவின் தலை கூரையில் இடித்தது. இரண்டாவது கல்லில் அடியில் 'கடாங்' என்று ஒரு சத்தம்: பழைய ஷாக் அப்சார்பர் எட்டாத நீளத்துக்கு எட்டிப் பார்க்கிறது. இருநூறு அடி போவதற்குள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "நிறுத்துடி!" என்றாள். இறங்கி வாந்தி எடுத்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி எடுத்தாள். மூன்றாவது தடவை ஏறவில்லை.

"நீ மெதுவா ஓட்டிட்டு வா. நான் பக்கத்துலயே நடக்கறேன்."

அப்படியே நடந்தாள். சாரல் விழுந்தது. குடையை ஒரு கையிலும் என் ஜன்னல் விளிம்பை மறுகையிலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். அவரைக் கொடி பூத்தது, எஸ்டேட் நாய்க்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது, நான் ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்பது. பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஆறு வருஷம் ஆச்சுடி. இன்னும் இந்த மழ சத்தத்துல எனக்குத் தூக்கம் வரல. நீ பக்கத்துல இருந்தா வரும்னு தோணும்" என்றாள். ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும். அவள் கையைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

எதிரே வந்த வேலைக்காரப் பெண் ஒருத்தி, "ஏனக்கா, காடி கெட்டோயித்தா?" என்று கேட்டாள், வண்டி கெட்டுப்போச்சா என்று.

"இல்ல, சென்னாகிதே" என்றாள் அக்கா, நன்றாகத்தான் இருக்கிறது என்று.

மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். கைகாட்டியில் தார் ரோடு வந்தது. பெங்களூர் போகும் ஒரே பஸ், நாங்கள் ஊர்ந்து வருவதற்குள் போய்விட்டிருந்தது. அக்கா சீட்டைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். பெங்களூருக்கு இன்னும் ஆறு மணி நேரம்.

"வரணும்னுதான்டி இருக்கு. ஒடம்பு தாங்காது."

"திரும்பக் கொண்டுபோய் விடறேங்க்கா."

"வேணாம்மா, உசுரோட போய்ச் சேர்றேன்" என்று சிரித்தாள். குடையோடு மேலே ஏறிப் போனவள், வளைவில் ஒருமுறை திரும்பிக் குடையைத் தூக்கிக் காட்டினாள். அவள் மறைந்த பிறகும் நான் வண்டியைக் கிளப்பவில்லை.

சாயங்காலம் மல்லேஸ்வரத்தில் பின்கதவைத் திறந்தால், அக்காவின் பை. நாலு புடவை, பல் துலக்கும் பிரஷ், எனக்காக அரைத்த காபித்தூள். போன் போட்டேன். அவள் தொட்டிப்படியில்தான் நின்றிருக்க வேண்டும்; உடனே எடுத்தாள்.

"அக்கா, உன் பை பத்திரமா வந்து சேந்துடுச்சு."

பிறகு இரண்டு பக்கமும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். "இருக்கட்டும்டி" என்றாள். "பையாவது உன்கூட பத்து நாள் இருக்கட்டும்."

பை திரும்பிப் போகவேயில்லை. போனஸ் வந்ததும் சலீம் பாய் என் பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ரெண்டு இன்ச் ஜோடியைப் போட்டுக்கொடுத்தார். ஆனாலும் அக்கா பஸ்ஸில்தான் வருகிறாள், வருஷத்துக்கு ஒரு தடவை, வெறுங்கையோடு. அவள் துணி என் அலமாரியில் இருக்கிறது. மழைக்காலத்தில் சில நாள் அவள் புடவையை நான் போர்த்திக்கொண்டு தூங்குவது அவளுக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாராவது ஊருக்கு வருவதாகச் சொன்னால் அப்படியே நம்புவதில்லை. போன வாரம்கூட எஸ்டேட்டுக்குப் போன் செய்து, "சனிக்கிழமை வரேன் மாமா" என்றேன். செடி, மழை எதையும் பேசாமல் மாமா கேட்டார்:

"ஆளு வருதா, இல்ல பை மட்டும் வருதா?"