சும்மா விடச் சொன்ன செடி

மிளகாய்ச் செடியிலிருந்து இன்னொரு இலை உதிர்ந்து சோபாவில் விழுந்தது. லிஃப்ட்காரர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையிலிருந்து அவருக்கு இதே வேலை.

வேலையில் இருந்த காலமெல்லாம் நின்றுபோன லிஃப்டுகளைக் கிளப்பியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, நன்றாக ஓடும் சாமான்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். மிக்ஸி போயிற்று. சுவர்க்கடிகாரம் பின்பக்கமாக ஓடிற்று. மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிய மனைவி, செடித்தொட்டியை ஹால் ஜன்னலோரம் வைத்துவிட்டு ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்.

"குளிர்காலம் முடியற வரைக்கும் இது தூங்கும். இலை கொட்டும், கண்டுக்காதீங்க. மண்ணு நல்லா காஞ்சா ஒரு வாய் தண்ணி. மத்தபடி சும்மா விடுங்க."

"சும்மா விடறதுல என்ன கஷ்டம்?"

மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் வருடக்கணக்காக வளர்க்கும் செடியின் காயைத் தின்றிருக்கிறாரே தவிர, அதன் முகத்தை லிஃப்ட்காரர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்க்க ஆரம்பித்தார். அதுதான் வினை.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"செடி எப்படி இருக்கு?"

"கொஞ்சம் நடுங்குற மாதிரி இருக்கு."

"செடி நடுங்காது."

"ஜன்னல்ல காத்து வருதே?"

"வரட்டும். உங்க கை இப்போ எங்க இருக்கு?"

லிஃப்ட்காரர் தொட்டியிலிருந்து கையை எடுத்தார். "பாக்கெட்ல."

போனை வைத்ததும் ஹீட்டரைத் தூக்கிவந்து செடிக்குப் பக்கத்தில் வைத்தார். கோடைகாலம் வந்துவிட்டதென்று செடி ஏமாந்து, சோகை பிடித்த குச்சிகளாகக் கண்டபடி துளிர் விட்டது. லிஃப்ட்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் ஏமாந்தது செடி மட்டுமல்ல. எங்கிருந்தோ பொடிப்பொடியாகப் பச்சைப் பூச்சிகள் வந்து, துளிர் முழுக்கக் குடும்பம் நடத்தத் தொடங்கின.

"பூச்சி எதுவும் வரலையே?" என்றாள் மனைவி மறுமுறை.

"சேச்சே!" என்றபடியே அவர் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கினார். கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். அவர் தாராளமாகக் கலக்கியதைத் தெளித்ததும் பூச்சிகள் பளபளவென்று சுத்தமாயின. இலைகள்தான் சுருண்டுகொண்டன.

சோப்பைக் கழுவ வேண்டுமே! செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஷவரைத் திறந்துவிட்டார். மண் கரைந்து ஓடி, தண்ணீர் போகும் வழியை அடைத்தது. குனிந்து குச்சியால் குத்தினார். அடைப்பு இன்னும் உள்ளே போனது. தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. பதறிப்போய்ச் செடியையாவது காப்பாற்றுவோம் என்று தண்டைப் பிடித்துத் தூக்கினார். செடி கையோடு வந்தது. தொட்டி வரவில்லை. வேரும் வரவில்லை.

வாசல் கதவு இடிபட்டது. கீழ்வீட்டம்மா நின்றிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். யாரிடம் பேசினாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது போலவேதான் பேசுவாள்.

"நிறுத்துங்க! முதல்ல தண்ணியை நிறுத்துங்க! என் சமையல்கட்டுல மழை பெய்யுது!"

லிஃப்ட்காரர் குழாயை மூடிவிட்டு, துணியும் வாளியுமாகக் கீழே ஓடினார். அடுப்பு மேடையைத் துடைத்து நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தார். சமையல்கட்டு ஜன்னலோரத்தில், ஒட்ட வெட்டிவிட்ட கிளைகளோடு, கோணல் தண்டும் நாலு இலையுமாக ஒரு மிளகாய்ச் செடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இதை எனக்குக் குடுத்துடுங்க."

"எதுக்கு சார்?"

"எங்க வீட்டுச் செடியைக் கொன்னுட்டேன்." குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "வேலையை விட்டு வந்தப்புறம் என்னை நம்பி அவ குடுத்த ஒரே பொருள் அதுதான்."

கீழ்வீட்டம்மா செடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தொட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"கொண்டு போங்க. ஆனா ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருக்கணும், சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. செடிக்கு எதிரே நாற்காலி போட்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமர்ந்தார். இலை உதிர்ந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டார். கை ரொம்பவும் துறுதுறுத்த நாட்களில் வீட்டிலிருந்த கதவுப் பிடிகளையெல்லாம் கழற்றினார். கழிவறைக்குள் இருக்கும்போதே அந்தப் பிடியையும் கழற்றி, ஒரு மத்தியானம் முழுக்க உள்ளேயே மாட்டிக்கொண்டார். செடியை மட்டும் தொடவில்லை.

"செடி எப்படி இருக்கு?" என்று போன் வந்தது.

"தூங்குது."

"நிஜமாவா?" என்றாள் மனைவி. அவள் அவ்வளவு ஆச்சரியப்பட்டது அவருக்குச் சுருக்கென்றது.

வெயில் கொஞ்சம் உறைக்கத் தொடங்கிய ஒரு காலையில், தண்டின் கணுவில் கடுகளவு பச்சை தெரிந்தது. லிஃப்ட்காரர் கூடத்தில் தனியாக நின்று கைதட்டினார்.

அந்த வாரமே மனைவி திரும்பினாள். கீழ்வீட்டம்மா ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு கூடவே மேலே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவி ஜன்னலருகே போனாள்.

"இது எப்படி இங்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கோணல் தண்டைக் கட்டைவிரலால் தடவினாள். துளிரைப் பார்த்தாள். "நீங்களா இதைப் பாத்துக்கிட்டீங்க? ஒண்ணுமே பண்ணாம?"

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை லிஃப்ட்காரரால் தாங்க முடியவில்லை.

"அது உன் செடி இல்ல," என்றார். "ஹீட்டர் வெச்சு, சோப்பு போட்டு, குளிப்பாட்டி, உன் செடியை நான் கொன்னுட்டேன். இது கீழ்வீட்டம்மாவோடது. உன்னை ஏமாத்தப் பாத்தேன். மன்னிச்சுடு."

மனைவி சட்டென்று கீழ்வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினாள். ஆனால் அவரோ அழுதுவிடுவார் போலிருந்தது. கீழ்வீட்டம்மா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அழாதீங்க சார், இது அக்கா செடியேதான், என்கிட்ட பத்திரமா ஒப்படைச்சுட்டு, உங்க கை சும்மா இருக்காதேன்னு கடையில ஒண்ணு வாங்கி உங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க!"