வெள்ளையம்மா ஆடான கதை

ஒரு காட்டில் நெல் விளைந்துகொண்டிருந்தது. விலங்குகளே உழுது, விலங்குகளே நட்டு, விலங்குகளே அறுத்தன. ஆனால் வருடத்துக்கு வருடம் விளைச்சல் குறைந்தது. வயல் மண் சுட்ட ஓடு மாதிரி இறுகிப்போய்விட்டது. மண்புழுக்கள்கூட வேறு காட்டுக்குக் குடிபோய்விட்டன.

அந்த வயலைப் பார்த்துக்கொண்டவர் திருமேனி என்ற எருமை. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதியில் அசைபோடத் தொடங்கிவிடுவார். அந்த வருடம் அறுவடை முடிந்ததும் அவர் வயலை வெறுமனே போட்டுவைக்கவில்லை. மண்ணுக்குப் போர்வையாக இருக்கட்டும் என்று மூடுபயிர் விதைத்தார். ஒரு பக்கம் தட்டைப்பயறு, அதை ஒட்டிக் கம்பு, அப்புறம் முள்ளங்கி, கடைசியில் கொளுஞ்சி என்ற கசப்புச் செடி. வேலிக்குள் வேலியாகத் தனித்தனியே பிரித்துப் படலும் வைத்தார். எல்லாம் பச்சைப்பசேல் என்று வளர்ந்ததும் வெள்ளையம்மாவைத் தேடிப் போனார்.

வெள்ளையம்மா ஒரு பன்றி. தார் நிறம். கோடையில் காட்டுக் கிழங்கெல்லாம் காய்ந்துவிட்டதால் பால் மறந்த குட்டிகளை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வயலுக்கு வாம்மா" என்றார் திருமேனி. "மேயுங்க. மூக்கால மண்ணக் கிளறுங்க. வயித்தக் கலக்கினா அங்கேயே போயிடுங்க, ஓட வேணாம். மண்ணு பொழச்சிக்கும்."

"எத வேணாலும் திங்கலாமா அண்ணே?"

"எத வேணாலும்."

வெள்ளையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காட்டுக்கு ஒரு மயில் வந்து சேர்ந்தார். முனைவர் சந்திரகாசன் என்று பெயர். நகரத்து மிருகக்காட்சி சாலையிலிருந்து வந்தவர். அங்கே கூண்டில் இருந்ததை வெளியில் சொல்லமாட்டார். "ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தேன்" என்றுதான் சொல்வார். வரும்போது கூடவே ஒரு கருவியும் கொண்டுவந்தார். அது முகத்தைப் பார்க்கும், குரலைக் கேட்கும், படலைத் திறக்கும், மூடும்.

"இப்படி இஷ்டத்துக்கு மேய விட்டா அது மேய்ச்சலா? கலவரம்" என்றார் சந்திரகாசன். "எந்த இனத்துக்கு எந்தத் தீவனம் விருப்பம்னு முதல்ல கண்டுபிடிக்கணும். விருப்பமானதைத் தின்னாத்தான் உடம்பில ஒட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. திருமேனி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அசைபோட வேண்டி வந்ததால் மூடிக்கொண்டார்.

படல்கள்தோறும் கருவியின் கண்ணும் காதும் பொருத்தப்பட்டன. விலங்குகள் வரிசையாக வயலைச் சுற்றி வந்தன. எதை அதிக நேரம் பார்க்கிறார்களோ அதுவே அவர்களுடைய விருப்பம் என்பது கருவியின் கணக்கு. வெள்ளையம்மா தட்டைப்பயறைப் பார்த்தாள், வாயில் எச்சில் ஊறியது, பிள்ளைகளை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஆசைப்படுவதா என்று மேலே நடந்தாள். முள்ளங்கியைப் பார்த்தாள், மேலே நடந்தாள். கொளுஞ்சியின் முன்னால் நின்றுவிட்டாள். இந்தக் கசப்பை யார் தின்பார்கள், இதை ஏன் விதைத்தார் இந்த மனுஷன் என்று நெடுநேரம் யோசித்தாள்.

"பன்றி. விருப்பம், கொளுஞ்சி" என்றது கருவி.

அவளுக்குப் பின்னால் சடையப்பன் என்ற கிடா வந்தான். தட்டைப்பயறுப் படலில் கொம்பு மாட்டிக்கொண்டது. எடுக்க வெகு நேரம் ஆயிற்று.

"ஆடு. விருப்பம், தட்டைப்பயறு."

மறுநாள் பன்றிகள் வந்தபோது கொளுஞ்சிப் படல் மட்டும் திறந்தது. ஆளுக்கு ஒரு வாய் கடித்துவிட்டுத் துப்பினார்கள். கடைக்குட்டி துப்பக்கூடத் தெரியாமல் விழுங்கிவிட்டு அழுதது. பக்கத்தில் ஆடுகள் தட்டைப்பயறைச் சவைக்கும் சத்தம் கேட்டது. சில நாளில் குட்டிகளின் விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது.

வெள்ளையம்மா சந்திரகாசனிடம் போனாள். ஆலமரத்தடியில் கருவியோடு அவருடைய பதிவு முகப்பு இருந்தது. நீண்ட வரிசை. நின்று நின்று கால் மரத்துப்போன பிறகு அவள் முறை வந்தது.

"ஐயா, எங்களுக்குக் கொளுஞ்சி பிடிக்காது."

"உங்களுக்குப் பிடிக்கும்மா. உங்களுக்குத் தெரியல."

"பிள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க. அந்த விருப்பத்த மாத்திக் குடுங்க."

"விருப்பத்தை மாத்த வழியில்லை" என்றார் சந்திரகாசன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "வேணும்னா இனத்தை மாத்திக்கலாம். அது சுலபம்."

"எப்படிங்க?"

"கருவி கேட்கும்போது சொன்னாப் போதும்."

நீங்கள் யார் என்று கருவி கேட்டது. வெள்ளையம்மா தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆடு" என்றாள். சொன்னது போதாதோ என்று "மே" என்றும் சேர்த்துக்கொண்டாள். குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக "மே" என்றன. கடைக்குட்டிக்கு மட்டும் உறுமல்தான் வந்தது. கருவி அதைச் சளிபிடித்த ஆடு என்று எடுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் பன்றிகள் தட்டைப்பயறுக்குள் புகுந்தன. கொடியைத் தின்றன, காயைத் தின்றன, வேரைக் கிளறித் தின்றன. வெள்ளையம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. வெளியே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே நடந்தது இது. காட்டின் ராஜாவான உக்கிரபாண்டி என்ற புலி, தானும் பதிந்துகொள்வதாக அறிவித்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. கருவி எதச் சொல்லுதோ அத மட்டுந்தான் இனிமே தொடுவேன்" என்றார். சந்திரகாசனுக்குப் பெருமை தாங்கவில்லை. ராஜா வரிசையில் நின்றதும் வரிசையே காணாமல் போனது. சடையப்பன் மட்டும் தாமதமாக ஓடினான். அவன் தாடியில் ஒட்டியிருந்த தட்டைப்பயறு நெற்றை ராஜா வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்.

"புலி. விருப்பம், ஆடு."

மற்ற விலங்குகள் எல்லாம் கைதட்டின. மான்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டன. சடையப்பன் கூட்டத்தோடு முகப்புக்கு ஓடிவந்து, "பன்னி! நாங்க எல்லாருமே பன்னிங்க!" என்று கத்தினான்.

"கொளுஞ்சிதான் கிடைக்கும்" என்று எச்சரித்தார் சந்திரகாசன்.

"உசுரோட தின்னா கொளுஞ்சியும் ருசிதாங்க" என்றான் சடையப்பன்.

ஆக, காட்டில் பதிவாகியிருந்த ஆடுகள் வெள்ளையம்மாவும் அவள் பிள்ளைகளும் மட்டுமே.

மறுநாள் காலை ராஜா தட்டைப்பயறுப் படலுக்கு வந்தார். படல் மரியாதையாகத் திறந்துகொண்டது. வெள்ளையம்மா வாயில் கொடியோடு நிமிர்ந்தாள். குட்டிகள் அவள் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டன.

"ஆடு நீதானா?" என்றார் ராஜா. "மூக்கப் பாத்தா அப்படித் தெரியலயே."

"பன்னிதாங்க ராஜா. பொறந்ததிலிருந்து பன்னிதான்."

"பன்னிக்கு இங்க என்ன வேல? கருவி பொய் சொல்லுமா?"

"கருவி பொய் சொல்லாதுங்க. நாந்தான் சொன்னேன்."

ராஜா குழம்பிப்போனார். பசியும் இருந்தது, சட்டமும் இருந்தது. தப்பான பிராணியைத் தின்றுவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? "வா, முகப்புக்குப் போய்த் தீத்துக்கலாம்" என்று அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தார். பிள்ளைகளும் வரிசையாக வந்தன.

சந்திரகாசன் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவங்களை நீக்கினா காட்டில ஆடு இனமே இல்லாமப் போயிடும். ராஜாவுக்குச் சாப்பாடு கிடையாது. யாராவது ஒருத்தர் ஆடா வந்தாத்தான் இவங்களை விடுவிக்க முடியும்."

வெள்ளையம்மா சுற்றிலும் பார்த்தாள். ஒரு விலங்கும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கொளுஞ்சிக்குள்ளிருந்து சடையப்பன் பலமாக உறுமிக் காட்டினான்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குளிர்ந்த காற்று அடித்தது. சந்திரகாசனின் கழுத்து தானாகச் சிலிர்த்தது. வெள்ளையம்மா அதைப் பார்த்தாள். குரலை மெல்லமாக்கிக்கொண்டாள்.

"போற உசுரு போகட்டும் ஐயா. அதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சிக்கணும். மழ மேகம் வந்தா நீங்க என்னமோ செய்வீங்கன்னு ஊரே புகழுது. எங்க கண்ணுக்கு அந்தக் கொடுப்பின இல்ல. அது என்னாங்க?"

சந்திரகாசன் வெட்கப்பட்டார். இந்தக் காட்டில் இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. மார்பை நிமிர்த்தி, கருவிக்கு நேராகக் கழுத்தை நீட்டினார்.

"ஆடு..."

"ஆடு. பதிவு செய்யப்பட்டது" என்றது கருவி.

"...வேன்" என்று முடித்தார் சந்திரகாசன். அதைக் கேட்க யாரும் நிற்கவில்லை. ராஜா பாய்ந்துவிட்டார்.

முனைவர் எப்படியோ பறந்து தப்பினார். தோகை முழுவதும் ராஜாவின் வாயில் இருந்தது. அதை மென்று பார்த்துவிட்டு ராஜா வெகுநேரம் இருமினார். கடைசி இறகையும் துப்பிய பிறகு, கருவியை ஒரே அறையில் நசுக்கினார். "இனிமே பழையபடி எல்லாரையும் திம்பேன்" என்று அறிவித்தார்.

விலங்குகள் நிம்மதியாக மூச்சு விட்டன. இதற்கும் கைதட்டின.

படல்கள் திறந்தே கிடந்தன. பன்றிகள் தட்டைப்பயறைத் தின்று முடித்து, முள்ளங்கியைத் தோண்டித் தின்று, கம்பையும் மேய்ந்தன. கொளுஞ்சியை மட்டும் யாரும் தொடவில்லை. திருமேனி அதை அப்படியே மடக்கி உழுதார். மண்ணுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அந்த வருடம் நெல் கதிர் தரையைத் தொட்டது. மண்புழுக்கள் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தன.

வெள்ளையம்மாவும் பிள்ளைகளும் தளதளவென்று ஆனார்கள். கழுத்தில் மடிப்பு விழுந்தது. நடந்தால் முதுகு பளபளத்தது. ஒரு நாள் வரப்போரமாகப் போன ராஜா, நின்று, அவர்களை வெகுநேரம் அன்போடு பார்த்தார்.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

வெள்ளையம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே காட்டை விட்டு ஓடினாள். மண்புழுக்கள் முன்பு குடிபோயிருந்த காட்டில் இப்போது இருக்கிறாள். அங்கே தின்ன ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒல்லியாக, சௌக்கியமாக இருக்கிறார்கள்.

நீதி: உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது அக்கறையாகக் கேட்டால், உங்களை யாருக்குப் பிடிக்கும் என்பதையும் அப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.