கண்ணைக் கட்டி விட்டாலும்

ஆற்றோரச் சரணாலயத்தின் நடைபாதை மூன்றாகப் பிரிந்த இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நின்றுவிட்டார். பின்னால் அவர் மனைவியும், விடுமுறைக்கு வந்திருந்த அவளுடைய அண்ணனும் நின்றார்கள். எதிரே மஞ்சள், நீலம், சிவப்பு என்று மூன்று அம்புக்குறிகள்.

“எந்தப் பக்கம் மாப்பிள்ளை?” என்றார் மச்சான்.

“எனக்கு எல்லாம் ஒண்ணுதான் மச்சான். கண்ணைக் கட்டி விட்டாலும் வெளியே வந்துடுவேன்.”

அதில் பாதி உண்மை. எல்லாப் பாதையும் அவருக்கு ஒன்றுதான். அவர் இதற்குள் கால் வைப்பது இதுவே முதல் தடவை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மனைவி அழுத அழுகையில், ஆற்றோரம் நடப்பதாக வாக்குக் கொடுத்தார். முதல் நாள் கேட் வரை வந்தார். தூறல் போட்டது. திரும்பிக் கடைக்குப் போய், கண் பரிசோதிக்கும் நாற்காலியைச் சாய்த்துப் படுத்தார். பத்து வருடமாக மற்றவர்களை உட்கார வைத்த நாற்காலி அத்தனை சுகமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குக் கிளம்பி, ஒரு மணி நேரம் தூங்கி, முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஏழேகாலுக்கு ‘வியர்வையோடு’ வீட்டுக்கு வருவார்.

அந்தப் பெருமையை மனைவி அண்ணனிடம் அளந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மச்சான் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

“நீங்கதானே தினமும் வர்றவர், நீங்களே சொல்லுங்க” என்றாள் மனைவி.

“நீலம்” என்றார்.

கொஞ்ச தூரத்தில், தண்ணீர் நடுவே ஒரு பட்ட மரத்தில் கறுப்புப் பறவை ஒன்று இறக்கையை விரித்தபடி அசையாமல் நின்றது.

“அதுக்கு என்ன ஆச்சு மாப்பிள்ளை?”

“பாவம், அடிபட்டது. ஒரு மாசமா அப்படியேதான் நிக்குது. நானும் தினமும் பார்த்து மனசு கஷ்டப்பட்டுட்டுப் போவேன்.”

அவர் சொல்லி முடிக்கவும் பறவை ஜிவ்வென்று கிளம்பி அக்கரைக்குப் பறந்தது.

“குணமாயிடுச்சு போல” என்றாள் மனைவி.

நீலப் பாதை ஒரு மரக்குடிலில் போய் முட்டியது. பறவை பார்க்கிறவர்கள் உட்காரும் பெஞ்சு இருந்தது. அதற்கு மேல் பாதை இல்லை, ஆறுதான் இருந்தது.

“இங்க உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி பண்ணிட்டுத்தான் திரும்புவேன்” என்று சமாளித்தார்.

“அப்படியா! எத்தனை தடவை?”

வாயில் வந்த எண் நூறு. மச்சான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். அறுபதைத் தாண்டியதும் கடைக்காரருக்குக் கண்முன் பூச்சி பறந்தது.

“போதுங்க, மீதியை நாளைக்குப் பண்ணிக்கலாம்” என்று மனைவி காப்பாற்றினாள்.

வந்த வழியே திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் மச்சான், “இவ்வளவு நாள் பழக்கத்துல குறுக்கு வழி ஏதாவது கண்டுபிடிச்சிருப்பீங்களே?” என்று கேட்டுத் தொலைத்தார்.

“ஏன் இல்லாம?”

நாணலை விலக்கிக்கொண்டு கம்பீரமாக இறங்கினார். நாலாவது எட்டில் சேறு முழங்கால் வரை விழுங்கியது. கால் வெளியே வந்தது, இடது ஷூ வரவில்லை. மச்சான் ஒரு குச்சியை விட்டுத் துழாவினார். குச்சியும் வரவில்லை.

“நேத்து இங்க சேறே இல்லை” என்றார் கடைக்காரர்.

“ராத்திரியில வந்திருக்கும்” என்றாள் மனைவி.

ஒற்றை ஷூவோடு நொண்டி நொண்டி அரை மணி நேரம் கூட்டிப்போனார். நாணல் விலகியது. ஒரு மரக்குடில் தெரிந்தது.

“இது ரெண்டாவது குடில்” என்று முந்திக்கொண்டார்.

மச்சான் பெஞ்சைப் பார்த்தார். “என் தண்ணி பாட்டில் மாதிரியே ஒண்ணு இருக்கே, மாப்பிள்ளை.”

வெயில் ஏறிவிட்டது. கடைக்காரரின் பாதத்தில் கல் குத்தியது. அதைவிட, அன்றைக்கு மனைவி அழுத முகம் குத்தியது. இவ்வளவு நேரத்தில் இவள் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லையே! மச்சான் பாட்டிலை எடுக்கப் போனதும், அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த ஆறு மாசமா நான்…”

“எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசலாம். கால் வலிக்கப் போகுது, நடங்க. அந்த வலது பக்கம் போய்ப் பார்ப்போமா? சும்மா, ஒரு குத்துமதிப்பா.”

நாலே நிமிடத்தில் கேட் தெரிந்தது. ஆண்டவன் காப்பாற்றினான் என்று கடைக்காரர் மூச்சு விட்டார். இன்றைக்குச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை என்று தோன்றியது.

கேட்டருகே சருகு கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, அவர் மனைவியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

“என்னக்கா, தினமும் ஆறரைக்கு உள்ள போனா ஏழு மணிக்கு டாண்ணு வெளியே வந்துடுவீங்க, இன்னிக்கு ஏன் இவ்வளவு நேரம்? இடம் தெரியாதவங்களைக் கூட்டிட்டு வந்தீங்களா?”