ஊருக்கு வயது குறைந்த கதை

கம்ப்யூட்டர் கணக்குப்படி ஊரில் அத்தனை பேரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள்.

பரமசிவம் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். அப்போதும் ஜூன் ஒன்றுதான்.

"பழைய ரிஜிஸ்டர்ல அப்படித்தான் சார் இருக்குது" என்றாள் ஐந்தாம் வகுப்பு சாந்தம்மா. அந்தப் பள்ளியில் பொத்தானைப் பார்க்காமலே தட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாத்தியாருக்கு இன்னும் 'க' எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

ரிஜிஸ்டரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்தால், தலைக்கு மேலாகக் கையை வளைத்து எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். காது எட்டினால் ஐந்து வயது. பள்ளி திறக்கிற நாள் ஜூன் ஒன்று என்பதால் பிறந்ததும் அன்றைக்கே. இத்தனை வருடமாக அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

பேரிகைப் பக்கத்து அந்த ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்ததே ஒரு யோகம். ஓசூரில் ஒரு கம்பெனி புதிது வாங்கியதும், பழையதை எடைக்குப் போட மனமில்லாமல் கல்விக்குக் கொடுத்தது. பிள்ளைகள் ஊர் வரலாற்றைத் திரட்டி அதில் ஏற்றி, கேட்டதைக் கேட்டபடி தேடி எடுத்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வெள்ளிக்கிழமை மேனேஜரே பார்க்க வருகிறார். சரியில்லையென்றால் பெட்டி கெலமங்கலம் பள்ளிக்குப் போய்விடும். பெட்டிக்குத் தினமும் பொட்டு வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது?

"எல்லாரும் வீட்டுக்குப் போய், பெரியவங்க நெசமா எப்பப் பொறந்தாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினார்.

மறுநாள் வரலாறு வந்து குவிந்தது.

"எங்க தாத்தா, ஏரி ஒடைஞ்ச வருசம் சார்!"

"எங்கப்பா, நெலம் அளக்க வந்தவங்கள நாய் கடிச்ச வருசம்!"

"எங்க பெரியப்பா, செவலக் கன்னுக்குட்டியும் அவரும் ஒரே நாள் சார். கன்னுக்குட்டி எப்பப் பொறந்துச்சுன்னுதான் தெரியலியாம்."

ஏரி எப்போது உடைந்தது, எந்த நாய் யாரைக் கடித்தது என்பதையெல்லாம் சத்துணவு சமைக்கும் கெம்பம்மாவிடம் கேட்டு, கூட்டிக் கழித்து, சாயங்காலத்துக்குள் சாந்தம்மா எல்லாவற்றையும் ஏற்றிவிட்டாள். வாத்தியார் நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் வாசலில் வெங்கடப்பன் நின்றான். அதே கம்பெனியில் பல வருடமாக லோடு ஏற்றுகிறவன். இன்னும் தினக்கூலிதான். பின்னால் மனைவி ரங்கம்மா, ஒரு கூடைத் தக்காளியோடு.

"எனக்கு நாப்பத்திநாலு வயசுன்னு பொட்டியில போட்டுட்டீங்களாமே சார்?"

"உன் சின்னப் பையன் சொன்னதுதான்பா."

"அவனுக்கு இன்னா சார் தெரியும்? நான் பொறந்தப்ப அவன் கூட இருந்தானா?"

"நாப்பத்திநாலாவே இருந்துட்டுப் போகட்டும். அதனால என்ன?"

"பொட்டி கம்பெனியோடது. கம்பெனிக்கு ஒயரு போவுது."

"அது கரண்டு ஒயருய்யா!"

"கரண்டு எங்கேருந்து சார் வருது? ஓசூர்லேருந்துதானே?"

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பர்மனென்ட் பண்ண ஆளு எடுக்கப் போறாங்களாம் சார். முப்பத்தஞ்சு தாண்டுனா வேணாம்னுடுவாங்க" என்றான் வெங்கடப்பன். குரல் இறங்கிவிட்டது. ரங்கம்மா கூடையைப் படியில் வைத்தாள்.

"தக்காளியை எடுத்துட்டுப் போங்க. முப்பத்திநாலுன்னு மாத்திடறேன்."

"ரேஷன் கடையாட்டம் அளந்து போடாதீங்க சார். முப்பத்திரண்டாப் போடுங்க."

போட்டார். மதியத்துக்குள் பள்ளி வாசலில் வரிசை நின்றது. ஒருவனுக்குச் செய்ததை இன்னொருவனுக்கு எப்படி மறுப்பது? எல்லாருக்கும் குறைத்தார்.

"சார்" என்றாள் சாந்தம்மா. "வெங்கடப்ப மாமாவுக்கு எட்டு வயசுல ஆஞ்சப்பண்ணன் பொறந்திருக்குது."

"ஆஞ்சப்பனுக்குப் பன்னெண்டுன்னு போடு."

"அப்ப ஏழாவது படிக்கணுமே சார்? அண்ணன் லாரி ஓட்டுது."

"சைக்கிள்னு மாத்து."

கடைசியாகத் தடியை ஊன்றிக்கொண்டு திம்மப்பன் வந்தார். எழுபது வயது.

"உமக்கெதுக்குப் பெரியவரே? வேலைக்கா போகப் போறீர்?"

"வேல வாணாம் சாமி. ஊரே கொறயறப்ப நான் மட்டும் இன்னா பாவம் பண்ணேன்?"

அவருக்கு முப்பத்தொன்பது ஆனது. அவர் ஏரி உடைந்த வருடம் பிறந்தவர் என்பதால் ஏரியையும் தள்ளிப்போட்டு உடைக்க வேண்டியதாயிற்று.

"அய்யோ தேவ்ரே!" என்று கெம்பம்மா சாமியைக் கூப்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்த வெள்ளத்துல நீந்துனவ சார் எங்கம்மா. ஊர்லயே முப்பத்தொம்பதுக்கு மேல யாருமில்லன்னா, எங்கம்மா பொறக்கவே இல்லியா?"

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. ஆண்கள் எல்லாரும் வெளியே ஜன்னலோரம் நின்றார்கள். வெங்கடப்பன் தலைக்கு மை பூசியிருந்தான். வெயிலில் அது காதோரம் ஒழுகிக்கொண்டிருந்தது.

மேனேஜர் சாந்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "வயசுப்படி அடுக்கிக் காட்டு பாப்பா. பெரியவங்க மேல வரணும்."

இரண்டே தட்டு. வரிசை வந்து நின்றது. மேனேஜர் முதல் பெயரில் விரலை வைத்தார்.

"ஊர்லயே பெரியவர் இந்தத் திம்மப்பன்தானா? முப்பத்தொன்பது?"

"ஆமாங் சார்!" என்றது ஜன்னல். திம்மப்பன் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆடினார்.

மேனேஜர் வாத்தியாரைப் பார்த்தார். உண்மை தொண்டை வரை வந்தது. பரமசிவம் ஜன்னலைப் பார்த்தார். வெங்கடப்பன் காதோரத்து மையைத் தோளால் துடைத்துக்கொண்டிருந்தான். வந்த உண்மையை அப்படியே விழுங்கிவிட்டு, "ஆமாம் சார்" என்றார்.

"பிள்ளைங்க பிரமாதம். பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்று சாந்தம்மாவின் தலையைத் தட்டிவிட்டு, ஏனோ முகம் வாடியவராக மேனேஜர் ஜீப்புக்கு நடந்தார்.

பள்ளி அதிர்ந்தது. வெங்கடப்பன் ஓடிவந்து வாத்தியாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கொஞ்சம் மையும் ஒட்டியது.

கெம்பம்மா கொடுத்த தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்த ஜீப் டிரைவர் கருப்பசாமி, செம்பைத் திருப்பித் தந்தபடி சொன்னார்: "உங்க ஊரு தண்ணிக்கு என்ன மகிமையோ சார்! புது பிளான்ட்டுக்குப் பத்து வாட்ச்மேன், பர்மனென்ட் வேலை, நிதானமான, நாப்பது தாண்டுன ஆளாப் பாக்கத்தான் வந்தோம். ஒருத்தர்கூட இல்லன்னு மேனேஜர் சொல்லிட்டாரே, இனிக் கெலமங்கலந்தான் போகணும்."